ஈரக் கழிவு

குலசேகரம் சந்தை முக்கில்
ராஜையன் முதலாளியின் ரப்பர் ஷீட்டுக் கடை.
கணக்கு எழுதுவது நான்.
தேர்தலுக்குப் பதினோரு நாள் கிடக்க
மூன்றாம் நாளாக மழை.
பால்வெட்டு நின்றுபோனவர்கள்
புகைப்புரையில் மிச்சமிருந்ததை உருவிக்கொண்டு வந்து
கடைக்குள்ளேயே நின்றார்கள்,
ஆசிட் வாடையும் நனைந்த சட்டை வாடையுமாக.

கோட்டயம் விலை பன்னிரண்டு மணிக்குத்தான் போனில் வரும்.
அதுவரை அரசியல்.

"கிலோவுக்கு எருநூத்தம்பது தருவோம்னு
அச்சடிச்சே கொடுத்திருக்கான்"
என்றார் அம்புறோஸ்.
நோட்டீசு அவர் மடியில், வெற்றிலையோடு.
"ஓய், போன மட்டமும் அச்சடிச்சான்.
இப்ப கலர் கொஞ்சம் நல்லாருக்கு, அவ்வளவுதான்."
இது சுகுமாரன் தம்பி.
தம்பி பெண் கட்டியது பாறசாலையில்.
"அங்க எனக்க மச்சினனும் அவனுக்க அண்ணனும்
ரெண்டு கொடி பிடிச்சு மண்டைய உடைக்கினும்.
களியக்காவிளை தாண்டி இங்க வந்தா
ரெண்டு கொடியும் ஒரே ஜீப்புல பறக்குது.
நான் எந்த ஜீப்புக்குக் கை காட்ட?"

"கூட்டணின்னா அப்படித்தான்" என்றான் எட்வின்.
பி.காம்.
திருப்பூரில் ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம்.
"வெலைய விடுங்க.
கம்பெனி வரிய முப்பதுலேருந்து இருபத்திரெண்டாக்கினாத்தான்
மொதலு வரும், ஆலை வரும், வேலை வரும்."
"டயர் கம்பெனிக்கும் கொறையுமா?"
"எல்லா கம்பெனிக்கும்தான்."
"கொறைஞ்சா எனக்க ஷீட்டுக்குக் கூடுமா?"
"அது வேற, இது வேற."
அம்புறோஸ் வெற்றிலையை அந்தக் கன்னத்திலிருந்து
இந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.
"நாலு மணிக்கு நெத்தியில லைட்டைக் கட்டிட்டு
மரத்துக்கு மரம் ஓடுதேன்.
அது வேறயா இது வேறயா, அதச் சொல்லு."

லாரி ஹமீது வாசலில் நின்றபடி சொன்னான்:
தூத்துக்குடியில் கப்பல் ரப்பரை
அவனே ஏற்றியிருக்கிறான்.
நல்ல சரக்காம். காய்ந்த சரக்காம்.
யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

ரெத்தினபாய் தராசில் கட்டை வைத்தாள்.
அடுத்தவர் தோட்டத்தில் பாதிப் பங்குக்கு வெட்டுகிறவள்.
"ஒரு சந்தேகம்.
வாக்குக் கொடுத்தது ஒருத்தன்,
கையெழுத்துப் போடப்போறது வேற ஒருத்தன்.
நாளைக்கு இல்லேன்னா
எவனுக்க வீட்டுக் கேட்டைத் தட்ட?"
"ரெண்டையும் தட்டணும்" என்றார் தம்பி.
"பஸ் கூலி யாரு தருவா?"
எட்வின்கூடச் சிரித்தான்.

முப்பத்தேழு கிலோ நானூறு.
நான் ஈரக் கழிவு எழுதினேன், நூற்றுக்கு நாலு:
ஒன்றரைக் கிலோ போக மிச்சம்.
வெயில் காலத்தில் இரண்டு, மழைக்கு நாலு.
அது முதலாளி சொன்னது.
அவருக்கு யார் சொன்னார்கள் என்று
ஒன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை.
இதற்காக எவரும் மைக் கட்டி ஓட்டுக் கேட்டதுமில்லை.

"அந்த ஒண்ணரைக் கிலோ எங்க போவுது?"
"தண்ணி அக்கா. காஞ்சா போயிரும்."
"இது புகைப்புரையில பதினெட்டு நாள் கிடந்த ஷீட்டு.
வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு."
பிடித்துப் பார்த்தேன்.
தேன் நிறம்.
அந்தப்பக்கம் எட்வின் முகம் தெரிந்தது.

முதலாளி உள்ளறையில் போனில் இருந்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் கட்டைத் தூக்கி
உரச்சாக்கைக் கவிழ்த்து மூடிக்கொண்டாள்.
"வெயில் வரட்டு. வாறேன்."
மழைக்குள் போய்விட்டாள்.
அந்த வரியைச் சிவப்பில் அடித்தேன்.

விலை வந்தது. நேற்றையதைவிட ஒரு ரூபாய் குறைவு.
எட்வின் வரியைப் பற்றி மறுபடி தொடங்கினான்,
சத்தம் கொஞ்சம் கம்மி.
அம்புறோஸ் மடியிலிருந்து நோட்டீசை எடுத்து
தலைவர்கள் சிரிக்கிற பக்கத்தைக் கீழே கவிழ்த்து,
"போன வருஷம் நான் போட்டது எத்தனை கிலோ?" என்றார்.
பென்சில் கேட்டார்.

கொடுத்தேன்.
கடைப் பென்சில் இல்லை.
என்னுடையது.